கணிதம் வளர்த்த மகாவீராசாரியர்

சமண ஆசாரியர்கள் தமிழுக்கு இலக்கணமும் காப்பியமும் நிகண்டும் தந்ததை உலகம் நன்கறியும். அவர்கள் கணிதத்திற்கு ஆற்றிய தொண்டைப் பலர் அறியார். நம் கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரே பண்டைப் பாடலிகை என்பர் அறிஞர். கி.பி. 458இல் சர்வநந்தி முனிவர் உலக அமைப்பைக் கூறும் லோகவிபாகம் என்னும் நூலை அங்கிருந்து எழுதினார். அந்நூலின் வடமொழி வடிவில் சுழியத்தைக் குறிக்கும் சொற்களுள் ஒன்று அம்பரம். சிதம்பரத்தின் பெயரில் உள்ள அதே சொல். அந்த மரபில் ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்குப் பின் தோன்றியவர் மகாவீராசாரியர்.

ராஷ்டிரகூட மன்னர் அமோகவர்ஷ நிருபதுங்கர் ஆண்ட 9ஆம் நூற்றாண்டில், கன்னட நாட்டில் வாழ்ந்த திகம்பர சமணர் அவர். கி.பி. 850ஐ ஒட்டிக் கணிதசாரசங்கிரகம் என்னும் நூலை வடமொழியில் இயற்றினார். அந்நாளில் கணிதம் பெரும்பாலும் வானநூலின் ஒரு பகுதியாகவே பயிலப்பட்டது. அவரோ, பொருளீட்டல், சமையல், மருத்துவம், இசை, கட்டடக்கலை என எங்கும் கணிதம் பயன்படுவதை எடுத்துக்காட்டி, அதற்கென்றே ஒன்பது அதிகாரங்களில் நூல் செய்தார்.

அந்நூலின் கணக்கு ஒன்றைக் காண்போம். ஒட்டகக் கூட்டம் ஒன்றில் கால் பங்கு காட்டில் காணப்பட்டது. மொத்த எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் போல் இருமடங்கு மலைச்சாரலுக்குச் சென்றது. எஞ்சிய 15 ஆற்றங்கரையில் நின்றன. மொத்தம் எத்தனை?

ஆசாரியர் காட்டும் வழி இது: ஒன்றில் கால் நீங்க முக்கால். வர்க்கமூலத்தின் மடங்காகிய 2இல் பாதி 1. இந்த 1ஐயும் 15ஐயும் முக்காலால் வகுக்க, முறையே 4/3, 20 கிடைக்கும். 4/3இன் வர்க்கம் 16/9. அதனுடன் 20 சேர 196/9. அதன் வர்க்கமூலம் 14/3. இதனுடன் முன்னைய 4/3ஐக் கூட்ட 6 வரும். 6இன் வர்க்கம் 36. ஆகவே ஒட்டகங்கள் 36. காட்டில் 9, மலையில் 12, கரையில் 15 எனக் கூட்டிச் சரிபார்க்கலாம்.

இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கப் பத்தாம் வகுப்பு மாணவர் இன்று மனப்பாடம் செய்யும் சூத்திரத்தின் உட்பொருள் இதுவே. மிகை எண்ணுக்கு மிகையும் குறையுமாக இரு வர்க்கமூலங்கள் உண்டு என்றும், குறை எண் எதற்கும் வர்க்கம் ஆகாமையின் அதற்கு மூலம் இல்லை என்றும் அவர் தெளிவுறுத்தினார். சூத்திரத்தின் மூலக்குறியினுள் குறை எண் வரின் மெய் மூலங்கள் இல்லை என ஆசிரியர்கள் இன்றும் கற்பிக்கின்றனர்.

11ஆம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லனர் இந்நூலைத் தெலுங்கில் ஆக்கினார். பல நூற்றாண்டுகள் ஏட்டுச்சுவடிகளில் உறைந்திருந்த மூலநூலை, 1912இல் ரங்காசாரியார் ஆங்கில மொழிபெயர்ப்புடன் சென்னையில் பதிப்பித்தார். சுவடிகளைப் படியெடுத்துக் காத்தோர் இலராயின் இச்செல்வம் நமக்குக் கிட்டியிராது.

நால்வகைத் தானங்களுள் சாத்திர தானமும் ஒன்று. சூத்திரத்தைக் கண்டு அஞ்சும் நம் பிள்ளைகளை அருகில் அமர்த்தி, அந்த 36 ஒட்டகங்களை எண்ணக் கற்பிப்போமாக. அதுவும் சாத்திர தானமே.