விதையைக் காத்த விஞ்ஞானி வாவிலோவ்



எங்க அப்பத்தா சுரைக்குடுக்கையில் சாம்பல் கலந்து விதை போட்டு வைத்திருக்கும். வீட்டில் என்ன கஷ்டம் வந்தாலும் விதையை எடுத்துச் சமைக்கக் கூடாது என்று சொல்லும். அறிவியல் டீச்சர் வாவிலோவ் கதையைச் சொன்னபோது எனக்கு அந்தக் குடுக்கைதான் ஞாபகம் வந்தது.

நிக்கோலாய் வாவிலோவ் 1887-ஆம் ஆண்டு ரஷ்யாவில் மாஸ்கோ நகரில் பிறந்தார். விவசாயம் படித்தார். நாட்டில் பஞ்சமே வரக் கூடாது, அதற்கு நல்ல நல்ல பயிர் வகைகள் வேண்டும் என்பது அவர் ஆசை. அதனால் ஈரான், ஆப்கானிஸ்தான், எத்தியோப்பியா, தென் அமெரிக்கா என்று ஊர் ஊராகப் போய் விதை சேர்த்தார். லெனின்கிராடு நகரில் இரண்டு லட்சத்துக்கும் மேல் விதை மாதிரிகள் சேர்ந்தன. எந்தப் பயிர் எந்தப் பகுதியில் முதலில் தோன்றியது என்றும் ஆராய்ந்தார். அப்படி அவர் சொன்ன பகுதிகளில் நம்ம இந்தியாவும் ஒன்று.

அப்போது நாட்டை ஆண்டவர் ஸ்டாலின். 1932, 1933-இல் பெரிய பஞ்சம் வந்து லட்சக்கணக்கான ஜனங்கள் செத்துப் போனார்கள். சீக்கிரம் விளைச்சல் பெருக வேண்டும் என்று அரசாங்கம் அவசரப்பட்டது. நல்ல ரகம் உண்டாக்கப் பல வருஷம் ஆகும் என்பது வாவிலோவுக்குத் தெரியும். ஆனால் லைசென்கோ என்பவர் ரொம்பச் சீக்கிரமே செய்து காட்டுகிறேன் என்றார். விதையைக் குளிரில் வைத்தால் அதன் குணமே மாறிவிடும், அது அடுத்த தலைமுறைக்கும் வரும் என்றார். மரபணு என்று ஒன்றே கிடையாது என்றும் சொன்னார். ஸ்டாலினுக்கு இந்தப் பேச்சுதான் பிடிச்சது.

ஆரம்பத்தில் வாவிலோவும் லைசென்கோவைப் பாராட்டித்தான் பேசியிருக்கிறார். இதைக் கேட்டதும் எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. ஆனால் அது தப்பு என்று தெரிந்த பிறகு, எல்லார் முன்னாலும் எதிர்த்துப் பேசினார். ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் பெரிய பதவியிலேயே இருந்திருக்கலாம். தலையாட்டவில்லை.

1940 ஆகஸ்டில் உக்ரைன் பக்கம் செடிகள் சேர்க்கப் போன இடத்தில் அவரைக் கைது செய்தார்கள். முதலில் மரண தண்டனை, பிறகு அதை 20 வருஷச் சிறையாக மாற்றினார்கள். 1943 ஜனவரியில் சராத்தோவ் நகரச் சிறையில், சரியான சாப்பாடு இல்லாமல் உடம்பு கெட்டு இறந்து போனார். ஊருக்கே சோறு போட நினைத்தவர் பட்டினியால் செத்தார்.

அதே சமயம் ஜெர்மன் படை லெனின்கிராடைச் சுற்றி வளைத்திருந்தது. அவர் சேர்த்த விதைகளை அவரோடு வேலை பார்த்தவர்கள் காத்தார்கள். அரிசி விதையைக் காத்தவர், வேர்க்கடலை விதையைக் காத்தவர் என்று பலர் பசியாலேயே இறந்தார்கள். ஆனால் விதையைத் தின்னவில்லை.

1955-இல் வாவிலோவ் குற்றமற்றவர் என்று அரசாங்கமே சொன்னது. லைசென்கோ 1965-இல் பதவி இழந்தார். அதுக்குள்ள எத்தனை வருஷ விவசாயமும் படிப்பும் வீணாப் போச்சு!

இப்போ என் விஷயம். போன வருஷம் நாங்கள் குழுவாகச் சேர்ந்து பயறு முளைக்க வைத்தோம். இருட்டில் வைத்த பயறுதான் வெளிறிப் போய் உயரமா வளர்ந்துச்சு. அப்படி எழுதினால் தப்பு என்பார்கள், வெயிலில் வைத்ததுதான் உயரம் என்று எழுது என்று குழுத் தலைவி சொன்னாள். நானும் எழுதிட்டேன். எங்களுக்கு மார்க்கும் கிடைச்சது. இருட்டில் செடி வெளிச்சத்தைத் தேடி நீளும், நாங்கள் பார்த்ததுதான் சரி என்று பிறகுதான் தெரிஞ்சுது.

என்னை யாரும் ஜெயிலில் போட்டிருக்க மாட்டார்கள். ஒரு பொண்ணு கோவிச்சுக்குவாளோ என்று பயந்துதான் பொய் எழுதினேன். அவரோ நாட்டையே ஆள்பவருக்குப் பயப்படாமல் உண்மையைச் சொன்னார்.

படித்தவர்கள் ஆள்பவர்களுக்குப் பிடித்ததைச் சொன்னால், அந்தப் பொய்க்கு ஜனங்கள்தான் பட்டினி கிடக்க வேண்டும். தெரிந்த உண்மையும் விதைநெல் மாதிரிதான் தோழர்களே. பயந்துக்கிட்டு அதைத் தின்னுடக் கூடாது.



ஒன்பதாம் வகுப்பு மாணவி