துறை தேடிய வணிகர்

சோலாப்பூரில் திகம்பர ஜைனக் குடும்பமொன்றில் 1882ஆம் ஆண்டு தோன்றியவர் சேட் வால்சந்த் ஹீராசந்த் அவர்கள். இருப்புப்பாதை ஒப்பந்தப் பணிகளில் தொழிலைத் தொடங்கிய அவர், 1919இல் நண்பர்களுடன் சிந்தியா கப்பற் கம்பெனியை நிறுவினார். விலைக்கு வாங்கிய கப்பல்களை மட்டுமே நம்பி ஆங்கிலக் கம்பெனிகளின் போட்டியில் நிலைத்தல் அரிதென உணர்ந்து, கப்பல் கட்டும் தளம் அமைக்க முனைந்தார்.

முதல் தடை இடமே. ஆழ்ந்த நீரும், அகன்ற கரையும், ஏற்கத்தக்க நிபந்தனையும் ஒருங்கே அமைந்த இடம் கல்கத்தாவில் வாய்க்கவில்லை. ஆயினும் அவர் முயற்சியைக் கைவிடாது, அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த விசாகப்பட்டினத்தைத் தேர்ந்தார். அங்கே 1941 ஜூன் 21இல் பாபு இராஜேந்திர பிரசாத் அடிக்கல் நாட்டினார். மறு ஆண்டு அந்நகரின்மீது ஜப்பானியர் குண்டு வீசினர். போரால் பணி தளர்ந்தது. எனினும் 1948 மார்ச்சில் ‘ஜல உஷா’ என்னும் கப்பல் அத்தளத்தினின்று நீரில் இறங்கியது.

பெங்களூரில் 1940இல் அவர் விமானத் தொழிற்சாலை தொடங்கியபோதோ, மைசூர் சமஸ்தானமே நிலமளித்துப் பங்காளியாயிற்று. 1953இல் அவர் மறைந்தார்.

புதிதாய்க் கடை திறக்க இடம் தேடும் நம் இளைஞர் இவ்வரலாற்றை எண்ணுதல் நன்று. பெருநகரின் பெயரன்று, தொழிலுக்கு ஏற்றதும், வாடகை தாங்கத்தக்கதுமான இடமே வணிகத்தை வாழ்விக்கும்.