மதுரைக் கோட்டையின் கம்மந்தான்



மாலை நேரத்தில் எங்கள் திருமங்கலம் வீட்டுத் திண்ணையில் நாலைந்து பிள்ளைகள் கூடுவார்கள். கொஞ்ச நாளாக அவர்கள் பேச்செல்லாம் ஒரு கொரியா நாட்டுப் போர்த் தொடரைப் பற்றித்தான். செல்போனில் பார்க்கிறார்கள். கப்பல் படைத் தளபதி யி சுன் சின் என்பவரின் கதை. மொத்தம் 104 எபிசோட்!

ஒரு நாள் பெரிய சண்டை. தளபதியை அரசரே சிறையில் போட்டுவிட்டார், அப்படியென்றால் அவர் மேல் தப்பு இருக்கும் என்றான் ஒரு பையன். இல்லவே இல்லை, அவர்தான் நாட்டைக் காப்பாற்றினார் என்று குதித்தாள் ஒரு சிறுமி. விசாரித்தால், பையன் பாதிதான் பார்த்திருக்கிறான். சிறுமி கடைசி வரை பார்த்துவிட்டாள்.

அந்தத் தளபதி உண்மையாகவே வாழ்ந்தவர். 1592-இல் ஜப்பானியப் படை கொரியாவுக்குள் நுழைந்தபோது, கடலில் அதை மடக்கியவர் அவர். எதிரி விரித்த வலை என்று சந்தேகித்து, ஓர் உத்தரவின்படி கப்பல்களை நகர்த்த மறுத்தார். அதற்காக 1597-இல் அரசர் அவரைச் சிறையில் அடைத்தார். பிறகு பதவி இல்லாத சாதாரணச் சிப்பாயாக அனுப்பினார். கொரியக் கப்பற்படை தோற்று அழிந்த பின், மறுபடியும் அவரையே கூப்பிட வேண்டியதாயிற்று. மிச்சமிருந்த 13 கப்பல்களோடு நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்களை எதிர்த்து வென்றார். 1598-இல் கடைசிப் போரில் உயிர் விட்டார்.

பிள்ளைகளிடம் நான் கேட்டேன். யாருக்காகப் போரிட்டாரோ அவர்களாலேயே தண்டிக்கப்பட்ட தளபதி ஒருவர் நம் மதுரையிலும் இருந்தார், தெரியுமா? யாருக்கும் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா? அவர்தான் கான்சாகிப். அவர் கதையையும் எபிசோட் எபிசோடாகவே சொல்கிறேன். ஒரு நிபந்தனை. கடைசி வரை படித்த பிறகுதான் அவர் நல்லவரா கெட்டவரா என்று நீங்கள் பேச வேண்டும். சரியா?

வீட்டை விட்டு ஓடிய சிறுவன்

சுமார் 1725-ஆம் ஆண்டில், இராமநாதபுரம் சீமையில் உள்ள பனையூரில் ஒரு சாதாரணக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் மருதநாயகம் என்று வழிவழியாகச் சொல்வார்கள். சிறு வயதிலேயே முரட்டுத் துணிச்சல். வீட்டில் கோபித்துக்கொண்டு ஓடிப் போனார். புதுச்சேரிக்குப் போய், அங்கிருந்த ஐரோப்பியர்களிடம் வேலைக்குச் சேர்ந்தார். இஸ்லாம் மார்க்கத்தைத் தழுவி முகமது யூசுப் கான் ஆனார்.

எடுபிடி வேலை பார்த்துக்கொண்டே பல மொழிகளைக் கற்றார். ஐரோப்பியர்கள் துப்பாக்கியை எப்படிப் பிடிக்கிறார்கள், சிப்பாய்களை எப்படி வரிசையாக நிறுத்துகிறார்கள் என்று கூர்ந்து கவனித்தார். பள்ளிக்கூடம் அவருக்குக் கற்றுத் தராததைக் கண்ணும் காதும் கற்றுத் தந்தன.

சோற்று மூட்டைகளைக் காத்த வீரர்

அந்தக் காலத்தில் ஆற்காடு நவாப் பதவிக்குப் பெரும் போட்டி. முகமது அலி என்பவருக்கு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி துணை நின்றது. எதிர்த் தரப்புக்குப் பிரெஞ்சுக்காரர்கள் துணை நின்றனர். யூசுப் கான் தன் சிறு படையுடன் 1752-இல் ராபர்ட் கிளைவிடம் வந்து கம்பெனிப் படையில் சேர்ந்தார். ஸ்டிரிங்கர் லாரன்ஸ் என்ற ஆங்கிலத் தளபதி அவருக்குப் போர்ப் பயிற்சி கொடுத்தார்.

அப்போது திருச்சிராப்பள்ளிக் கோட்டை முகமது அலியின் கையில் இருந்தது. அதைப் பிடிக்க எதிரிகள் சுற்றி வளைத்தார்கள். கோட்டையில் இருப்பவர்களுக்கு முதல் எதிரி பீரங்கி அல்ல, பசி! வெளியிலிருந்து அரிசி வராவிட்டால் கதவைத் திறந்துதான் ஆக வேண்டும். புதுக்கோட்டைப் பக்கத்துக் காட்டு வழியாக மாடுகளில் ஏற்றி வந்த தானிய மூட்டைகளுக்குக் காவலாக வந்தவர்களில் முக்கியமானவர் யூசுப் கான். வழியில் எங்கே பதுங்கலாம், எந்த நேரத்தில் நகரலாம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. திருச்சி தப்பியது. முகமது அலியும் தப்பினார். இந்த முகமது அலியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் கடைசியில் மறுபடியும் வருவார்.

கம்பெனி யூசுப் கானுக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. இந்தியச் சிப்பாய்கள் எல்லோருக்கும் தலைவராக்கியது. அந்தப் பதவிக்கு ஆங்கிலத்தில் கமாண்டன்ட் என்று பெயர். நம் மக்கள் வாயில் அது கம்மந்தான் ஆயிற்று. கம்மந்தான் கான்சாகிப் என்றே அவரை அழைத்தார்கள்.

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி, சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டார். கான்சாகிப் அங்கேயும் விரைந்தார். இம்முறை வேலை தலைகீழ். லாலியின் படைக்கு வரும் உணவையும் தளவாடங்களையும் வழியிலேயே மறித்தார். பின்னாலிருந்து திடீர் திடீரென்று தாக்கினார். 1759 பிப்ரவரியில் லாலி முற்றுகையை விட்டுவிட்டுப் போக வேண்டியதாயிற்று.

இதுவரை படித்தவர்கள் அடடா, என்ன வீரர் என்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

நெற்கட்டும்செவல்

அதே ஆண்டுகளில் நம் தெற்குச் சீமையில் பாளையக்காரர்கள் பலர் நவாபுக்கும் கம்பெனிக்கும் வரி கட்ட மறுத்தார்கள். அவர்களில் தலைசிறந்தவர் நெற்கட்டும்செவல் பூலித்தேவர். உங்கள் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். 1755-இல் கர்னல் ஹெரான் தலைமையில் வந்த படையால் அவர் கோட்டையைப் பிடிக்க முடியவில்லை.

அந்த வேலையைக் கம்பெனி கான்சாகிபிடம் ஒப்படைத்தது. பூலித்தேவரின் வாசுதேவநல்லூர்க் கோட்டை மண்கோட்டைதான். ஆனாலும் முதல் தடவை கான்சாகிபால் அதைப் பிடிக்க முடியவில்லை. விடாமல் போரிட்டு 1761-இல் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய மூன்று கோட்டைகளையும் கைப்பற்றினார். (இந்தப் பனையூர் வேறு. அவர் பிறந்த ஊர் அல்ல.) பூலித்தேவர் ஊரை விட்டுச் செல்ல நேர்ந்தது.

அன்னியருக்கு அடிபணிய மாட்டேன் என்று நின்ற ஒரு தமிழரை, அன்னியருக்காக இன்னொரு தமிழர் வீழ்த்தினார். கதையை இந்த இடத்தில் நிறுத்தினால் கான்சாகிபுக்கு என்ன பெயர் கொடுப்பீர்கள்? எனக்குத் தெரியும், வாயைத் திறக்கப் போகிறீர்கள். நம் நிபந்தனையை மறக்க வேண்டாம்!

மதுரையை ஆண்டார்

1759 முதல் மதுரையும் திருநெல்வேலியும் கான்சாகிபின் பொறுப்பில் இருந்தன. சுமார் நான்கு ஆண்டுகள் ஆண்டார். அதற்கு முன் மதுரைச் சீமை பட்ட பாடு கொஞ்சமல்ல. இன்று ஒரு படை வரும், நாளை வேறொரு படை வரும். விதைத்தவன் அறுப்பானா என்பது நிச்சயமில்லை.

கான்சாகிப் கண்மாய்களையும் வாய்க்கால்களையும் பழுது பார்த்தார். கொள்ளையை ஒடுக்கினார். நெசவாளர்களுக்கும் வணிகர்களுக்கும் பாதுகாப்புக் கொடுத்தார். மீனாட்சி அம்மன் கோயிலின் பறிபோயிருந்த மானியங்களைத் திரும்பக் கிடைக்கச் செய்தார். தண்டனை கொடுப்பதில் மிகவும் கடுமையானவர் என்ற பேரும் அவருக்கு இருந்தது. ஆனாலும் உழுதவன் வீட்டில் நெல் சேர்ந்தது. வரியும் ஒழுங்காக வசூலாயிற்று.

வரி பெருகப் பெருக, ஒருவருக்கு உறுத்தியது. யார் தெரியுமா? திருச்சியில் தப்பித்த அதே முகமது அலி! அவர் இப்போது ஆற்காடு நவாப். கான்சாகிப் தன் வேலைக்காரர், வரியைத் தன் மூலமாகத்தான் கட்ட வேண்டும் என்றார் நவாப். கம்பெனியும் நவாப் பக்கமே சாய்ந்தது. தன் உழைப்பால் வந்த பதவி பறிபோகப் போகிறது என்று கான்சாகிபுக்குப் புரிந்தது. இனி யாருக்கும் பணியாளர் இல்லை என்று முடிவு செய்தார். 1763-இல் கம்பெனியின் கொடியை இறக்கிவிட்டுப் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். மார்சாந்த் என்ற பிரெஞ்சுக்காரரும் சில ஐரோப்பிய வீரர்களும் அவரிடம் வந்து சேர்ந்தார்கள்.

கடைசி எபிசோட்

1763-இன் பிற்பகுதியில் கம்பெனியும் நவாபும் சேர்ந்து மதுரைக் கோட்டையை முற்றுகையிட்டனர். கான்சாகிப் மதில்களை ஏற்கெனவே பலப்படுத்தியிருந்தார். ஐப்பசி மழையும் கொட்டியது. எதிரிப் படை பின்வாங்கியது.

அடுத்த ஆண்டு மேஜர் கேம்பெல் தலைமையில் பெரிய படை வந்தது. 1764 ஜூன் மாதம் மதில் மேல் ஏறித் தாக்கினார்கள். கான்சாகிபின் வீரர்கள் அவர்களை விரட்டியடித்தார்கள். மேஜர் பிரெஸ்டன் என்ற அதிகாரி படுகாயமடைந்து பின்னர் இறந்தார். கம்பெனியின் படையில் இருந்த சிப்பாய்களில் பலர் ஒரு காலத்தில் கான்சாகிபின் கீழ் பணியாற்றியவர்கள். யாரை எதிர்க்கிறோம் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

சண்டையால் முடியாததை வேறு வழியில் செய்தது கம்பெனி. கோட்டைக்குள் ஒரு படி அரிசிகூடப் போகாதபடி வழிகளை அடைத்தது. திருச்சிக்குச் சோறு கொண்டுபோய்ச் சேர்த்தவர், லாலியின் படைக்கு வந்த சோற்றைத் தடுத்தவர், இப்போது தன் வீரர்களுக்குச் சோறு போட முடியாமல் நின்றார். பசியால் வீரர்களும் மக்களும் வாடினார்கள். குதிரைகளையும் அடித்துத் தின்னும் நிலை வந்தது. கான்சாகிபுக்கு அப்போது சின்னஞ்சிறு மகன் ஒருவனும் இருந்தான்.

பசி வந்திடப் பத்தும் பறந்து போகும் என்பார்கள். இங்கே விசுவாசமும் பறந்தது. சீனிவாச ராவ், பாபா சாகிப், மார்சாந்த் ஆகியோர் எதிரியுடன் இரகசியமாகப் பேசினார்கள். 1764 அக்டோபர் 13-ஆம் நாள், கான்சாகிப் தொழுகையில் இருந்தபோது பாய்ந்து பிடித்தார்கள். அவருடைய தலைப்பாகைத் துணியாலேயே கட்டினார்கள் என்று சொல்லப்படுகிறது. எந்தப் படையாலும் பிடிக்க முடியாதவரை அவருடைய ஆட்களே பிடித்துக் கொடுத்தார்கள்.

அக்டோபர் 15-ஆம் நாள் நவாபின் உத்தரவுப்படி மதுரைக்கு வெளியே அவரைத் தூக்கிலிட்டார்கள். அப்போது அவருக்கு நாற்பது வயது அளவுதான் இருக்கும். அன்று திருச்சிக் கோட்டைக்குள் முகமது அலிக்கு உணவு கிடைக்க உயிரைப் பணயம் வைத்தவருக்கு, முகமது அலி கொடுத்த பரிசு அது.

இப்போது சொல்லுங்கள்

மதுரை நவாபின் கைக்கு வந்தது. நிலைத்ததா? இல்லை. 1801-இல் கர்நாடகப் பகுதி முழுவதையும் கம்பெனியே எடுத்துக்கொண்டது. நவாபுக்குப் பட்டம் மட்டும் மிச்சம். அதற்கு முன்பே, 1799-இல் கயத்தாற்றில் கட்டபொம்மனையும் கம்பெனி தூக்கிலிட்டிருந்தது. ஒவ்வொருவரையும் அடுத்தவரைக் கொண்டே கம்பெனி வீழ்த்தியது. பூலித்தேவரை வீழ்த்தக் கான்சாகிப் வேண்டியிருந்தார். கான்சாகிபை வீழ்த்த நவாப் வேண்டியிருந்தார். காரியம் முடிந்ததும் யாரும் வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவது எபிசோடை மட்டும் பார்த்தவர்கள் கான்சாகிபைத் துரோகி என்பார்கள். கடைசி எபிசோடை மட்டும் பார்த்தவர்கள் தியாகி என்பார்கள். இரண்டும் ஒரே மனிதரின் வாழ்க்கைதான். கண்மாயைச் செப்பனிட்ட கையும், பூலித்தேவரின் கோட்டையை இடித்த கையும் ஒன்றே. ஒருவரை எடைபோட வேண்டுமானால் எல்லாப் பக்கங்களையும் புரட்ட வேண்டும். நமக்குப் பிடிக்காத பக்கத்தைக் கிழித்துவிட்டுப் படிக்கக் கூடாது. உங்கள் வகுப்புத் தோழனைப் பற்றி யாராவது ஒரு கதை சொன்னாலும் இதையே நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் கிராமத்து மக்கள் அவரை மறக்கவில்லை. கான்சாகிபு சண்டை என்ற கதைப்பாடல் பல தலைமுறைகளாக வழங்கி வந்தது. பேராசிரியர் நா. வானமாமலை அதைப் பதிப்பித்தார். 1997-இல் மருதநாயகம் என்ற பெயரில் கமல்ஹாசன் ஒரு திரைப்படம் தொடங்கினார். இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத் அந்தத் தொடக்க விழாவுக்கு வந்தார். படம் முடிவடையவில்லை.

மதுரைக்கு வரும்போது பெரியார் பேருந்து நிலையத்தின் அருகே நின்று பாருங்கள். பழைய கோட்டையின் மேற்கு வாசல் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. மற்ற மதில்களை 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் இடித்துவிட்டார். அப்படியே சம்மட்டிபுரத்துக்கும் போய் வாருங்கள். கான்சாகிபின் நினைவிடம் அங்கே சிறிய பள்ளிவாசலாக நிற்கிறது.

எங்கள் திண்ணைப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை முழுவதும் சொன்னேன். அந்தப் பையன் வெகு நேரம் பேசவில்லை. பிறகு எழுந்து வீட்டுக்குப் போனான். மீதி எபிசோட்களைப் பார்க்கத்தான்!