சுவிசேஷ கவிராயர் வேதநாயக சாஸ்திரியார்

உலகிற் பிறந்த மனிதனுக்கு நிழல் தருவன மூன்று. ஒன்று, அவன் பிறந்த குலமும் சுற்றமும். மற்றொன்று, அவனுக்கு ஊதியமளித்துக் காக்கும் உத்தியோகமும் அரசும். பிறிதொன்று, அவன் மனமார நம்பியிருக்கும் தெய்வம். காலம் இனிதே செல்லுங்கால் இம்மூன்றும் ஒருங்கே நின்று நிழல் தருதலின், எது பந்தலின் நிழல், எது மரத்தின் நிழல் என்று எவரும் ஆராய்வதில்லை. புயல் வீசி ஒவ்வொன்றாய்ச் சாயத் தொடங்கும்போதே வேரூன்றி நிற்பது எது என்பது விளங்கும்.

பழனிசெட்டிபட்டி, தேனி தொடங்கிக் கம்பம் வரையில் முல்லையாற்றின் இருமருங்கும் உள்ள ஊர்களில், ஒரே குடும்பத்தில் தமையனார் கோயிலுக்கும் தம்பியார் கிறிஸ்தவ ஆலயத்துக்கும் செல்லும் இல்லங்கள் உண்டு. சமயம் மாறியவர் நம்மவர்தாமா, மாறிய பின்னும் அவருக்குப் பந்தியிலும் பந்தத்திலும் இடமுண்டா என்னும் கேள்விகள் கலியாண காலத்தும் காரிய காலத்தும் எழாமற் போவதில்லை. கிறிஸ்தவரான பின் தாம் யார் என்பதை வாழ்நாள் முழுதும் எண்ணியெண்ணி, அதன்பொருட்டு நஷ்டமும் அடைந்து, பாடியும் வைத்த ஒரு தமிழ்ப் புலவரின் சரித்திரத்தை நம் அங்கத்தினரும் அவர்தம் குடும்பத்தாரும் அறிந்திருத்தல் நலமென்று கருதி ஈண்டு எழுதத் துணிந்தோம். அவர்தாம் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார்.

சாஸ்திரியார் 1774-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 7-ஆம் தேதி திருநெல்வேலிச் சீமையில், பாளையங்கோட்டையில் பிறந்தார். தந்தையார் வேளாள குலத்தில் அருணாசலம் பிள்ளை என்னும் பெயருடன் சைவராய்ப் பிறந்து வளர்ந்தவர். பின்பு ரோமன் கத்தோலிக்க சமயத்தைத் தழுவித் தேவசகாயம் என்னும் நாமம் பெற்றார். அதன் பின்னர்ப் புரொட்டஸ்டண்டு சபையைச் சேர்ந்து அதன் ஊழியத்தில் அமர்ந்தார். ஆகவே, நமது கவிராயர் புதிதாய் மதம் மாறியவரல்லர். மாறிய குடும்பத்திற் பிறந்த பிள்ளை. தந்தை ஒருமுறை ஆற்றைக் கடந்துவிடுகிறார். பிள்ளையோ இரு கரைகளையும் நோக்கிக்கொண்டே வளரவேண்டியதாகிறது. அந்நிலையின் அருமை, அவ்வாறு வளர்ந்தவர்க்கே தெரியும்.

1785-ஆம் ஆண்டில் ஜெர்மானியப் பாதிரியாராகிய சுவார்ட்ஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தார். தஞ்சை அரண்மனையிலும் கும்பெனியாரிடத்தும் ஒருங்கே நன்மதிப்புப் பெற்ற பெரியார் அவர். சிறுவன் வேதநாயகத்தின் கூர்மதியைக் கண்டு மகிழ்ந்து, தந்தையின் இசைவுடன் அவனைத் தம்மோடு தஞ்சைக்கு அழைத்துச் சென்று மகனைப்போல் வளர்த்தார். அக்காலத்தில் அவருடைய பாதுகாப்பிலிருந்த மற்றொரு பிள்ளை, தஞ்சை அரசுக்குரிய இளவரசர் சரபோஜி ஆவர். ஒருவர் முடிக்குரியவர், மற்றவர் உபதேசியாரின் புதல்வர். இருவரும் ஒரே ஆசானின் அன்பில் வளர்ந்தனர். இந்நட்பு பின்னாளில் எவ்வாறு பயன்பட்டதென்பதை மேலே காண்போம்.

வேதநாயகம் தரங்கம்பாடிக்கு அனுப்பப்பெற்று, ஆண்டிருந்த ஜான் ஐயர் முதலிய குருமாரிடம் வேத சாஸ்திரத்தோடு கணிதம், பூகோளம், வானசாஸ்திரம் முதலிய மேனாட்டுக் கலைகளையும் கற்றார். இருபது வயதளவில் தஞ்சைக் கிறிஸ்தவப் பாடசாலையின் தலைமை ஆசிரியரானார். 1798-ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் சுவார்ட்ஸ் ஐயர் காலமானார். அவ்வாண்டிலேயே சரபோஜி மன்னர் அரியணை ஏறினார்.

நிற்க. சாஸ்திரியாரின் புலமையைச் சிறிது நோக்குவோம். அக்காலத்துத் தஞ்சை, குறவஞ்சியும் நொண்டி நாடகமும் கும்மியும் கீர்த்தனையும் பொங்கி வழிந்த நகரம். சரபோஜி மன்னரையே பாட்டுடைத் தலைவராக்கிக் கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் இயற்றிய குறவஞ்சி பெரிய கோயிலில் நடிக்கப்பெற்று வந்தது. இவ்வடிவங்கள் யாவும் கோயிலுக்கும் அரண்மனைக்கும் உரியன, கிறிஸ்தவன் தீண்டத் தகாதன என்று சாஸ்திரியார் எண்ணினாரில்லை. தமிழ் தம்முடைய தாய்மொழி, கர்நாடக சங்கீதம் தம்முடைய செவிக்கு இனிய சங்கீதம். சமயம் மாறியதனால் இவை பிறர் சொத்தாகிவிடா என்று துணிந்து, அவ்வடிவங்களிலேயே தம் இரட்சகரைப் பாடினார். 1800-ஆம் ஆண்டளவில் எழுந்த பெத்லகேம் குறவஞ்சி அவற்றுள் தலைசிறந்தது. அதில் சீயோன் குமாரத்தியாகிய தேவமோகினி தலைவி; அவளுக்குக் குறி சொல்ல வருபவள் ஒரு குறத்தி. மலைவளமும் நாட்டுவளமும் பாடவேண்டிய இடத்தில் உலகின் தேசங்களையும் வானத்துக் கிரகங்களின் இயக்கத்தையும் புதிய கல்வியின்படி அமைத்துப் பாடியிருப்பது வியக்கத்தக்கது. ஞான நொண்டி நாடகமும், நோவாவின் பேழையைப் பற்றிய ஞானத் தச்ச நாடகமும், மூடநம்பிக்கைகளைக் கண்டிக்கும் சாஸ்திரக் கும்மியும், பராபரன் மாலையும், ஜெபமாலையும் இன்னும் பலவும் அவர் வாக்கினின்று பிறந்தன. பாடினதோடமையாது, தம்புரு, தாளம் முதலிய இசைக்கருவிகளுடன் அவற்றைச் சபைகளிலே கதாகாலட்சேபம்போல் நிகழ்த்தியும் வந்தார். சபையார் அவரைச் சுவிசேஷ கவிராயர் என்றும் வேதசிரோமணி என்றும் பாராட்டினர்.

இனி அவர்க்கு நேர்ந்த இரு சோதனைகளைக் கூறுவோம்.

முதற் சோதனை அரண்மனையிலிருந்து வந்தது. சரபோஜி மன்னர் சமய வெறுப்பற்ற சிறந்த கல்விமான். ஆயினும் தம் குலதெய்வ வழிபாட்டில் நிலைத்தவர். தம் பால்ய நண்பரின் பாவன்மையை நன்கறிந்த மன்னர், சிவபெருமான்மீதும் ஒரு பிரபந்தம் பாடித் தரவேண்டுமென்று விரும்பிக் கேட்டனரென்றும், சாஸ்திரியார் பணிவுடன் மறுத்துத் தம் நாவைத் தம் ஆண்டவர் ஒருவருக்கே ஒப்படைத்து விட்டமையை விண்ணப்பித்துக் கொண்டனரென்றும் வழிவழியாகக் கூறுவர். மன்னர் விருப்பத்தை மறுப்பது சிறு செயலன்று. பொன்னும் நிலமும் தாமே வந்து நிற்கையில் வேண்டாமென்பது அதனினும் அரிது. சாஸ்திரியார் வசைமொழி யாதும் கூறவில்லை. மன்னருடைய சமயத்தை இகழ்ந்து மறுக்கவுமில்லை. தம்மிடத்தில் இல்லாத பக்தியை விலைக்கு விற்க மறுத்தார், அவ்வளவே. மன்னரும் சினந்தாரில்லை. இருவருடைய நட்பும் குறையாது நின்றதென்பதற்குப் பின்வரும் நிகழ்ச்சியே சான்று.

இரண்டாவது சோதனை, ஒருவரும் எதிர்பாராத இடமாகிய சபையிலிருந்தே வந்தது. சுவார்ட்ஸ் ஐயர் காலத்து முதிய குருமார் தமிழர் வழக்கங்கள் பலவற்றைப் பொறுத்து நடந்தனர். 1820-க்குப் பின் வந்த இளங்குருமாரோ வேறு கருத்தினர். பழகிய பழைய வேதமொழிபெயர்ப்பை மாற்றினர். கலியாணத்திலும் பண்டிகையிலும் பூமாலை அணிதல் கூடாதென்றனர். ஆலயத்தில் தமிழ்க் கீர்த்தனைகளையும் இசைக் கருவிகளையும் விலக்கினர். வெவ்வேறு சாதியார் ஆலயத்தில் தனித்தனியே அமரும் வழக்கத்தை ஒழித்து யாவரும் கலந்தே அமரவும் திருவிருந்தில் ஒருங்கே பங்குபெறவும் வேண்டுமென்றனர். இந்நான்கையும் பெருங்கொடுமைகளாகவே எண்ணிய சாஸ்திரியார், தஞ்சை வேளாளக் கிறிஸ்தவர் சார்பில் நின்று நூல்கள் எழுதி எதிர்த்தார். அதன் பயனாகப் பல்லாண்டு வகித்த பாடசாலை உத்தியோகத்தை இழந்தார்.

அப்போது அவருக்கு வயது ஐம்பதுக்கு மேலாகிவிட்டது. தம்மை வளர்த்த சபையே தம்மைப் புறந்தள்ளியது. அவ்வேளை கைகொடுத்தவர், எவர் விருப்பத்தை அவர் மறுத்தாரோ அம்மன்னரே. 1829-ஆம் ஆண்டளவில் சரபோஜி மன்னர் சாஸ்திரியாரைத் தம் அவைப் புலவருள் ஒருவராக ஏற்று உதவினார். ஆனால் அந்நிழலும் நீடிக்கவில்லை. 1832-ஆம் ஆண்டில் மன்னர் காலமானார். அவர் மைந்தர் சிவாஜி மன்னர் 1855-ல் ஆண்வாரிசின்றி இறக்கவே, தஞ்சை அரசையே கும்பெனியார் எடுத்துக்கொண்டனர். சாஸ்திரியாரோ அவ்வரசின் முடிவையும் கண்ணாரக் கண்டு, பின்னும் வாழ்ந்து, 1864-ஆம் ஆண்டு ஜனவரி 24-ஆம் தேதி தமது 89-ஆம் வயதில் தஞ்சையிலேயே தேகவியோகமானார். ஆசானின் நிழல் போயிற்று. உத்தியோகத்தின் நிழல் போயிற்று. மன்னரின் நிழலும் அரியணையோடு போயிற்று. இத்தனை இழப்புக்கிடையேயும் அவர் பாடலை நிறுத்தினாரில்லை. தம் ஆண்டவரை நொந்து விலகினாரில்லை. வாழ்வின் காப்பு எங்கே உளதென்று அவர் கண்டிருந்தார் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

இனி, நம் போன்ற குலச் சங்கத்தினர் கூசாது ஆராயவேண்டிய பகுதி ஒன்றுண்டு. குருமாரோடு சாஸ்திரியார் நிகழ்த்திய வழக்கில் நான்கு பொருள்கள் இருந்தன என்றோம். அவற்றுள் தமிழிசையையும் பூமாலையையும்பற்றிக் காலம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. இன்று தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் தமிழர் குடியேறிய பிற நாடுகளிலும் புரொட்டஸ்டண்டு ஆலயங்களில் அவர் கீர்த்தனைகள் ஒலிக்கின்றன. மணமக்கள் மாலை மாற்றுகின்றனர். கிறிஸ்தவனாதற்குத் தமிழனாயிருத்தலை விடவேண்டுவதில்லை என்று அவர் கொண்ட கொள்கை வென்றது. வேத மொழிபெயர்ப்போ அவர்க்குப் பின்னும் பலமுறை திருத்தப்பெற்றது. அவ்வழக்கு இன்னும் ஓயவில்லை.

ஆனால் இருக்கை வழக்கில் காலத்தின் தீர்ப்பு அவருக்கு எதிராயிற்று. 1833-ஆம் ஆண்டில் வில்சன் அத்தியட்சர் திருச்சபைக்குள் சாதி வேற்றுமை கூடாதென்று கட்டளை விடுத்தார். அது கேட்டுத் தஞ்சை வேளாளர் பலர் சபையைவிட்டு விலகினர். நமது மதுரைச் சீமையில் 1834 முதல் ஊழியம் செய்த அமெரிக்கன் மிஷனாரும் 1840-களில் இவ்விதியையே இன்னும் கடுமையாக நடத்தினர். உடனுண்ண மறுத்த உபதேசிமார் பலர் நீக்கப்பட்டதும் அப்போதுதான். அன்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த எளிய மக்களின் கண்கொண்டு பார்ப்பின், சாஸ்திரியார் வழக்கென்று காத்தது அவர்க்கு அவமதிப்பாகவே இருந்திருக்கும். எல்லார்க்கும் ஒரே பிதா என்று பாடும் ஆலயத்தில் ஒருவர் பாயிலும் ஒருவர் வெறுந்தரையிலும் அமர்வது எங்ஙனம் பொருந்தும்? தேவமோகினிக்கு நற்செய்தி சொல்லக் குறத்தியையே தெரிந்தெடுத்த கவிஞர், அக்குறத்தி ஆலயத்தில் எங்கே அமர்வாள் என்று எண்ணியிருப்பின் அவர் விடை வேறாயிருக்கக்கூடும்.

இக்குறையை மறைத்து அவரைப் புகழ்தல் சரித்திரமாகாது; இக்குறையொன்றையே பேசி அவரைத் தள்ளுதலும் நீதியாகாது. தம்மைச் சூழ்ந்திருந்தவற்றுள் எது மொழியும் பண்பாடும், எது பிறரைத் தாழ்த்தும் வேலி என்று பிரித்தறிவது அக்காலத்தில் அவருக்கு எளிதாயிருக்கவில்லை. இன்றும் நமக்கு அது முற்றும் எளிதாகிவிட்டதென்று கூறுவதற்கில்லை. 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை ஒன்றுபட்ட பின்னரும், இக்காலத்தும், சில ஊர்களிற் கல்லறைத் தோட்டங்கூட இருகூறாய் நிற்பதை நாம் அறிவோம். கோயில்களின் கதையும் நாம் அறியாததன்று.

அன்பர்களே! சங்கம் அமைத்துச் சுற்றத்தைப் பேணுதல் நல்லதே. பிள்ளைகளின் கல்விக்கு உதவுதலும், வறியவர் வீட்டுக் கலியாணத்துக்குக் கைகொடுத்தலும், துக்க வீட்டில் துணை நிற்றலும் சுற்றத்தின் கடமைகள். குலம் அவ்வளவில் நிழல் தரும் பந்தலாக இருக்கட்டும். ஆனால் ஒருவன் தான் யார் என்னும் கேள்விக்கு முழு விடையையும் அப்பந்தலின் கீழ்த் தேடினால், பந்தல் சாயும் நாளில் அவன் வெயிலில் நிற்பான். நம் வீட்டுத் தம்பி ஒருவர் ஞானஸ்நானம் பெற்றாரென்றால், அவர் தமிழை விட்டாரோ, தாயை விட்டாரோ என்று அஞ்சவேண்டா. அவர் தம் வேரை எங்கே ஊன்றியிருக்கிறாரென்று கேட்டறிந்து, பந்தியில் அவர்க்குரிய இலையை முன்போலவே இடுவோமாக. அவரும், தாம் புதிதாய்ப் பெற்ற நம்பிக்கையைத் தம் அண்டை வீட்டாரை உயர்வு தாழ்வின்றி நடத்தும் நடத்தையிற் காட்டுவாராக.

சாஸ்திரியாரின் வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாகத் தம்புருவேந்தி அவர் பாடல்களைக் கதாகாலட்சேபமாய் நிகழ்த்தி வந்துள்ளனர். அரசர் அளித்த ஊதியம் அவர் காலத்தோடு முடிந்தது. குருமார் பறித்த உத்தியோகத்தில் பின்னர் எவர் அமர்ந்தார் என்று கேட்பாருமில்லை. மனமொப்பிப் பாடிய பாட்டு இருநூறு ஆண்டு கடந்தும் மணப்பந்தலிலும் மரணப் படுக்கையருகிலும் மக்களுக்குத் துணை நிற்கின்றது. நம் மக்களும் தத்தம் நம்பிக்கையில் அவ்வண்ணமே உறுதி பெற்று, அவ்வுறுதியால் ஒருவரையும் தாழ்த்தாது வாழ எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.