பிளாஸ்திக்கில் மின் பாயச் செய்தவர்

இரசாயனவியல் படிப்பிப்பவன் நான். இடப்பெயர்வுகளில் படிப்பு முறிந்த பிள்ளைகள் பிந்திய வயதில் வகுப்புக்கு வரக் கூச்சப்படுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நான் சொல்லும் கதை அலன் மக்டயர்மிட்டினுடையது.

1927 இல் நியூசிலாந்தில் பிறந்தவர். உலகப் பொருளாதாரம் சரிந்த காலத்தில் தகப்பனுக்கு வேலை இல்லாமல் போனது. ஐந்து பிள்ளைகள். வாரத்தில் ஒரு நாள், ஒரே வெந்நீரில் மாறிமாறிக் குளித்த குடும்பம். பத்து வயதளவில் தகப்பனின் பழைய இரசாயனவியல் புத்தகம் கையில் அகப்பட்டது. ஆனால் தகப்பன் சொற்ப ஓய்வூதியத்தோடு ஓய்வுபெற்றபோது, 16 வயதில் பள்ளிக்கூடத்தை விடவேண்டி வந்தது. வெலிங்டனில் விக்டோரியா பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வுகூடத்தில் எடுபிடி வேலை. நிலம் கூட்டினார், குடுவை கழுவினார், பகுதிநேரமாகப் படித்தார்.

அங்கே அவரிடம் செய்யக் கொடுத்தவற்றுள் ஒன்று, கந்தகமும் நைதரசனும் சேர்ந்த செம்மஞ்சள் பளிங்குகள். 1949 இல் வெளியான முதல் ஆய்வுக்கட்டுரையும் அதைப் பற்றியதே. பிறகு புலமைப்பரிசில்களில் விஸ்கொன்சின், கேம்பிரிட்ஜ் என இரண்டு கலாநிதிப் பட்டங்கள். 1955 முதல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம்.

அந்தச் செம்மஞ்சள் பளிங்கு அவரை விடவில்லை. அதிலிருந்து பெறப்படும் பொன்னிறப் பொருள் மின்னைக் கடத்தும் என்பதால், பௌதிகவியலாளர் அலன் ஹீகரோடு அதை ஆராய்ந்தார். 1975 இல் டோக்கியோவில் அதைப் பற்றிப் பேசினார். தேநீர் வேளையில் ஹிதெக்கி ஷிரகாவா வெள்ளிபோல் மின்னும் மென்படலம் ஒன்றைக் காட்டினார். பொலிஅசற்றலீன். ஆய்வாளர் ஒருவர் ஊக்கியைத் தவறுதலாக ஆயிரம் மடங்கு கூடப் போட்டதில் முதலில் கிடைத்தது அது. மக்டயர்மிட் ஷிரகாவாவை அமெரிக்காவுக்கு அழைத்தார்.

இனித்தான் விசயம் இருக்கிறது. படலத்தைச் சுத்தமாக்கச் சுத்தமாக்கக் கடத்துதிறன் குறைந்தது. நானாக இருந்தால் இன்னும் சுத்தமாக்கப் பார்த்திருப்பேன். அவர்களோ, அந்த மாசுதான் மின்னைக் கடத்துகிறதோ என்று யோசித்து, வேண்டுமென்றே மாசைச் சேர்த்தார்கள். 1976 நவம்பர் 23 அன்று புரோமீன் ஆவி படலத்தில் பட்டது. மானியின் வீச்சை மாற்றக்கூட அவகாசமில்லை. கடத்துதிறன் ஒரு கோடி மடங்கு ஏறிவிட்டது. பிறகு அயடீனும் அதே வேலையைச் செய்தது.

இதற்கு மாசூட்டல் என்று பெயர். இந்தப் பல்பகுதியத்தின் காபன் சங்கிலியில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறிமாறி வரும். இலத்திரன்களுக்குப் பாதை உண்டு, ஆனால் இடமில்லை. நெருக்கியடித்த பஸ்ஸில் ஒருவர் இறங்கினால்தானே மற்றவர் அசையலாம்? அயடீன் சங்கிலியிலிருந்து சில இலத்திரன்களைப் பிடுங்குகிறது. அந்த வெற்றிடங்களால் மற்றவை நகர்கின்றன.

பொலிஅசற்றலீன் காற்றில் கெட்டுப்போகும். அதனால் பெரிய பாவனைக்கு வரவில்லை. மக்டயர்மிட் பின்னர் பொலிஅனிலீனுக்குத் திரும்பினார். அது காற்றில் நிலைக்கும், மலிவு. அமிலம் சேர்த்தாலே கடத்தியாகிவிடும்.

2000 இல் மூவருக்கும் இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தபோது அவருக்கு 73 வயது. இரத்த நோய் வந்த பின்னரும் வேலையை விடவில்லை. 2007 பெப்ரவரியில், நியூசிலாந்து செல்லவிருந்த நேரத்தில், பிலடெல்பியாவுக்கு அண்மையிலுள்ள தன் வீட்டுப் படிகளில் விழுந்து இறந்தார்.