நீல நிறம் சொன்ன ரகசியம்

கோவை வட்டாரத்து விவசாயி ஒருவர் தம் தோட்டத்து மண்ணைப் பையில் கட்டிச் சோதனைக்கூடத்தில் கொடுக்கிறார். அதில் மணிச்சத்து எவ்வளவு என்று பார்க்கும்போது கண்ணாடிக் குழாயில் நீல நிறம் எழுகிறது. நிறம் அடர்ந்தால் சத்து மிகுதி, வெளிறினால் குறைவு. மணிச்சத்து என்பது பாஸ்பரஸ்தான். ரத்தத்திலும் தசையிலும் அதை இந்த நீலத்தைக் கொண்டே நம்பகமாக அளக்க வழி செய்தவர்களில் ஒருவர், சென்னையில் வைத்தியம் படித்த டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

அன்றைய சென்னை ராஜதானியின் பீமவரத்தில் 1895 ஜனவரி 12-ஆம் தேதி பிறந்தார். மெட்ரிகுலேஷனில் இருமுறை தவறி, மூன்றாம் முறை சென்னையில் தேறினார். மருத்துவக் கல்லூரிக்குக் கதர் அணிந்து சென்றது வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். கைநழுவியது, எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. ஆயுர்வேதக் கல்லூரியில் சில காலம் பாடம் நடத்தியபின், அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். ஹார்வர்டில் பகலெல்லாம் படிப்பு. இரவில் ஆஸ்பத்திரியில் ஏவல் வேலை!

அங்கே பேராசிரியர் சைரஸ் பிஸ்க்குடன் சேர்ந்து, ரத்தத்திலுள்ள பாஸ்பரஸை அளக்கும் வேலையில் இறங்கினார். அதுவரை இருந்த முறைகளில் நிறம் மெதுவாக வந்தது. வேறு பொருள்களும் கணக்கைக் கெடுத்தன. இவர்கள் புரதத்தை நீக்கி, மாலிப்டேட்டும் அமிலமும் சேர்த்து, நீலத்தை விரைவில் எழுப்பும் புதிய மருந்தொன்றைக் கலந்தார்கள். அளவு தெரிந்த கரைசலின் நிறத்தோடு ஒப்பிட்டார்கள். எந்தப் பொருள் எவ்வளவு குறுக்கிடும் என்றும் சோதித்தார்கள். 1925-இல் அம்முறை அச்சேறியது.

பிறகு தசையைச் சோதித்தபோது ஒரு விந்தை! நிறம் உடனே முழுமையாக வரவில்லை. நேரம் ஆக ஆக அடர்ந்துகொண்டே போனது. முறையில் கோளாறு என்று வேறொருவர் ஒதுக்கியிருப்பார். ஆனால் இவர்கள் முறையைப் புடம் போட்டுப் பார்த்தவர்கள். ஆகவே தசையையே சந்தேகித்தார்கள். அமிலம் பட்டதும் சிறிது சிறிதாக உடைந்து பாஸ்பேட்டை வெளிவிடும் ஒரு பொருள் அதில் ஒளிந்திருந்தது. அதுவே பாஸ்போகிரியேட்டின், தசைக்கு உடனடிச் சக்தி தரும் சேமிப்பு. 1927-இல் அறிவித்தார்கள். தசை இயங்குவது பற்றிய பழைய கொள்கையே ஆட்டம் கண்டது.

1940-இல் லெடர்லி மருந்துக் கம்பெனிக்குச் சென்றார். அவர் நடத்திய ஆராய்ச்சிக் குழுக்களிடமிருந்து போலிக் அமிலமும், யானைக்கால் நோய்க்கான மாத்திரையும் உலகுக்குக் கிடைத்தன. 1948 ஆகஸ்டில், 53 வயதில், தாய்நாடு திரும்பாமலே மறைந்தார். நோபல் பரிசு அவரைத் தேடி வரவில்லை. நூற்றாண்டான 1995-இல் இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது.

நீலத்தை எழுப்பும் மருந்துகள் இன்று பலவாகிவிட்டன. ஆனால் கோவை மண்ணின் மணிச்சத்தைச் சொல்வது அதே மாலிப்டேட் நீலந்தான். அளவுகோலை முதலில் அளந்து பார்த்தவருக்கே, அது காட்டும் புதுமையை நம்பும் துணிவு வரும். சுப்பாராவின் வாழ்க்கை நமக்குக் காட்டும் பாடம் இது.