நீதியரசர் ரோஜர் டிரேனர்: எடைக்கற்களையும் சோதித்தவர்

நீதி வழங்குவோர்க்குத் துலாக்கோலை உவமை கூறுதல் தமிழ் மரபு. ஆயின், தட்டில் இடும் எடைக்கற்களே பழுதுற்றிருந்தால் கோலின் நேர்மை மட்டும் என்ன செய்யும்? பழைய சட்டங்களும் முன்தீர்ப்புகளுமே நீதிமன்றத்தின் எடைக்கற்கள். அவற்றையும் அவ்வப்போது சோதித்தல் நீதிபதியின் கடமை என்பதைத் தம் முப்பதாண்டுப் பணியால் மெய்ப்பித்தவர், கலிபோர்னியா மாநில உச்சநீதிமன்ற நீதியரசர் ரோஜர் டிரேனர் ஆவார்.

அமெரிக்க நாட்டில் மாநிலந்தோறும் தனித்தனி உச்சநீதிமன்றம் உண்டு. அம்மாநிலச் சட்டத்திற்குப் பொருள் காண்பதில் அதன் சொல்லே முடிவானது. அத்தகைய மன்றத்தின் தலைமை வரை உயர்ந்த டிரேனர், 1900 பிப்ரவரி 12ஆம் நாள் உட்டா மாநிலத்தில் பார்க் சிட்டி என்னும் சுரங்க ஊரில் பிறந்தார். பெற்றோர் அயர்லாந்திலிருந்து குடியேறியவர்கள். பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1927ஆம் ஆண்டிற்குள் முனைவர் பட்டமும் சட்டப் பட்டமும் பெற்றார். பின்னர் அங்கேயே சட்டப் பேராசிரியராக விளங்கினார். வரிச் சட்டத்தில் வல்லவராகிய அவர், மாநில அரசின் வரிச் சட்டங்களை வரையும் பணியிலும் துணைநின்றார்.

1940ஆம் ஆண்டில் ஆளுநர் கல்பர்ட் ஓல்சன், மாநில உச்சநீதிமன்றப் பதவிக்கு மாக்ஸ் ராடின் என்னும் பேராசிரியரை முன்மொழிந்தார். நியமனங்களை ஆராயும் குழு அவரை ஏற்க மறுத்தது. அதன் பின்னரே ராடினின் உடனாசிரியரான டிரேனர் தெரிவு செய்யப்பெற்றார். அதற்கு முன் ஒருநாளேனும் நீதிபதி இருக்கையில் அமர்ந்திராதவர் அவர்!

1944ஆம் ஆண்டில் எஸ்கோலா வழக்கு வந்தது. உணவகப் பணிப்பெண் ஒருவரின் கையில் குளிர்பானப் புட்டி வெடித்துப் படுகாயம் விளைத்தது. நிறுவனத்தின் கவனக்குறைவு எனக் கொள்ள இடமுண்டு என்ற அடிப்படையில் மன்றம் அவருக்கு இழப்பீடு அளித்தது. முடிவை டிரேனரும் ஏற்றார், காரணத்தை ஏற்றாரில்லை. ஆலைக்குள் நடந்த தவற்றை ஏழைத் தொழிலாளி எங்ஙனம் மெய்ப்பிப்பார்? பழுதான பொருளைச் சந்தைக்கு விடுத்தவரே, கவனக்குறைவு மெய்ப்பிக்கப்படாவிடினும், தீங்கிற்குப் பொறுப்பேற்க வேண்டும் எனத் தனித்துத் தீர்ப்பெழுதினார். அன்று அவருடன் எவரும் சேரவில்லை.

1948ஆம் ஆண்டின் பெரஸ் வழக்கு இன்னும் பெரிய சோதனை. வெள்ளை இனத்தவராகக் கருதப்பெற்ற பெண்ணும் கறுப்பின ஆடவரும் மணம்புரிய விழைந்தனர். அத்தகைய மணத்தைத் தடுக்கும் விதி அம்மாநிலத்தில் 1850 முதலே இருந்துவந்தது; எனவே மண உரிமம் மறுக்கப்பட்டது. மணவுரிமை தனிமனிதருக்குரியதேயன்றி இனத்திற்குரியதன்று என்று டிரேனர் கண்டார். கலப்புற்ற மரபினரை எந்த இனத்தில் சேர்ப்பது என்பதற்கே சட்டத்தில் தெளிவில்லை என்பதையும் சுட்டினார். நால்வருக்கு மூவர் என்ற கணக்கில் அத்தடை வீழ்ந்தது. நெடுங்காலச் சட்டத்தை மாற்றுவது சட்டமன்றத்தின் பணி என மாறுபட்ட நீதிபதிகள் வாதிட்டனர். ஆனால் 19 ஆண்டுகளுக்குப் பின், 1967இல், அமெரிக்க உச்சநீதிமன்றம் நாடெங்கும் அத்தகைய தடைகளை நீக்கியபோது, பெரஸ் தீர்ப்பையும் சுட்டிக்காட்டியது.

பிறர் எழுதிய விதியைச் சோதிப்பது எளிது. தாம் எழுதியதையே சோதிப்பது அரிது. காவல்துறையினர் சட்டத்தை மீறித் திரட்டிய சான்றையும் நீதிமன்றம் ஏற்கலாம் என 1942இல் தீர்ப்பெழுதியவர் டிரேனரே. 1955இல் கேஹன் வழக்கில், காவலர்கள் வீட்டினுள் அத்துமீறிப் புகுந்து ஒலிவாங்கியை மறைத்துவைத்த செய்தி வெளிப்பட்டது. தம் பழைய தீர்ப்பு அத்துமீறலைத் தடுக்கவில்லை என்பதை உணர்ந்த அவர், அதனைத் தாமே கைவிட்டு, அத்தகைய சான்று செல்லாது எனப் பெரும்பான்மைத் தீர்ப்பை வரைந்தார். 1961இல் அமெரிக்க உச்சநீதிமன்றமும் இவ்விதியை எல்லா மாநிலங்களுக்கும் உரியதாக்கியது.

1963இல் காலம் கனிந்தது. மனைவி பரிசாக வாங்கித் தந்த மரவேலைப் பொறியிலிருந்து மரத்துண்டு தெறித்து ஒருவரின் நெற்றியைத் தாக்கிய கிரீன்மன் வழக்கில், பழுதான பொருளுக்கு ஆக்கியோரே பொறுப்பு என்னும் கொள்கையை மன்றம் ஒருமனதாக ஏற்றது. தீர்ப்பை எழுதியவர் டிரேனர். அன்று தனித்து ஒலித்த குரல், 19 ஆண்டுகளில் மன்றம் முழுவதன் குரலாயிற்று. பிற மாநிலங்களும் பின்பற்றின.

1964 முதல் 1970 வரை தலைமை நீதிபதியாக வீற்றிருந்து ஓய்வுபெற்ற அப்பெருந்தகை, மீண்டும் சட்டக் கல்லூரி மாணவர்க்குக் கற்பித்தார். 1983 மே 14ஆம் நாள் பெர்க்லியில் மறைந்தார்.

நீதிபதி வரம்பு மீறிச் சட்டம் இயற்றுகிறார் என அவரைக் குறைகூறியோர் உண்டு. நீதிபதிகள் வகுத்த விதி பழுதுபடின் அதனைச் செப்பனிடும் பொறுப்பும் நீதிபதிகளுடையதே என்பது அவர் கொள்கை. மாற்றத்திற்கான காரணத்தைத் தெளிவுற எழுதி, ஆராய்வார் முன் வைக்கும் கடப்பாட்டையும் அவர் ஏற்றிருந்தார்.

மாணவச் செல்வங்களே! துணையின்றித் தனித்து நிற்பினும் காரணத்தோடு நிற்பதும், தம் முடிவு தவறெனக் கண்டபோது தயங்காது திருத்திக்கொள்வதும் அறிவுடையார்க்கு அழகு. இவ்விரண்டும் ஒருங்கே அமைந்தமையால்தான் ஒரு மாநிலத்தின் நீதிபதி, ஒரு நாட்டின் நீதிக்கே வழிகாட்டியாயினார்.